‘ஷிபலெத்’ பற்றிக் கேட்டீர்கள்

ஆங்கிலத் தலையங்கங்களில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும் ‘ஷிபலெத்’ என்ற சொல்லைப் பற்றிப் போன முறை ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை அப்படி விட்டுவிட உங்களுக்கு மனமில்லை என்பது வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் தெரிகிறது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, அகராதியில் இதற்கு மூன்று பொருள் போட்டிருக்கிறது: ஆளை அடையாளம் காட்டும் சொல், கட்சிக் கோஷம், காலாவதியான நம்பிக்கை. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எது சரி? – கல்லூரி மாணவி, திருச்சி

மூன்றும் சரி. உறவும் உண்டு, கொஞ்சம் தூரத்து உறவு.

இது எபிரேயச் சொல். பழைய ஏற்பாட்டில் வரும் ஒரு கதையில், ‘இதைச் சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்டு, சொன்ன விதத்தை வைத்து எதிரியைப் பிடிக்கிறார்கள். ஆகவே ஆளைக் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பு என்பது முதல் பொருள். மதச் சண்டைகள் மலிந்த 17ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன சொல்லைச் சொன்னால்தான் நம்மவன் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒன்றை வைத்திருந்தது. அங்கே உச்சரிப்பு விலகிப்போய், சொல்கிறானா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. இது இரண்டாவது பொருள். கூட்டத்தின் அடையாளத்துக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எதுவும் நாளாக நாளாகத் தேய்ந்துதானே போகும்? 19ம் நூற்றாண்டில் ‘அர்த்தம் போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கோஷம்’ என்ற மூன்றாவது பொருள் வந்துவிட்டது. இன்றைய பத்திரிகைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததே இந்தத் தலைகீழ் மாற்றம்தான். கதையில் அது உயிரே போனாலும் வாயில் வராத சொல். தலையங்கத்தில் அது யோசிக்காமலே வாயில் வந்து விழும் சொல்.

பைபிள் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோவை

நியாயாதிபதிகள் புத்தகம், 12ம் அதிகாரம். யெப்தா என்று ஒரு தலைவன். விலைமகளுக்குப் பிறந்தவன் என்று அண்ணன் தம்பிகள் வீட்டைவிட்டுத் துரத்திய ஆள். அண்டை நாட்டு அம்மோனியர் படையெடுத்து வந்ததும் கீலேயாத் ஊர்ப் பெரியவர்கள் அவனிடமே போய், நீ வந்து படை நடத்து என்று கெஞ்சுகிறார்கள். அவன் ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு, அதே இஸ்ரவேல் இனத்தின் இன்னொரு கிளையான எப்பிராயீம் குலத்தார் வந்து, எங்களை ஏன் கூப்பிடவில்லை, உன் வீட்டை உன்னோடு சேர்த்துக் கொளுத்துவோம் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். வெளி எதிரியோடு முடிந்த போர் பங்காளிச் சண்டையாகிறது.

தோற்ற எப்பிராயீமர் யோர்தான் ஆற்றைக் கடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். கீலேயாத்தியர் முந்திக்கொண்டு ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பி வருகிறவன் ‘நான் போகட்டுமா’ என்கிறான். ‘நீ எப்பிராயீமனா?’ ‘இல்லை.’ ‘சரி, ஷிபோலேத் என்று சொல்.’ அவன் வாயில் ‘சிபோலேத்’ என்றுதான் வருகிறது. அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். செத்தவர்கள் 42,000 பேர் என்கிறது வசனம்.

ஒரு நுணுக்கம். சண்டைக்கு முன்னால் எப்பிராயீமர் கீலேயாத்தியரைப் பார்த்து, ‘நீங்கள் எப்பிராயீமைவிட்டு ஓடிப்போனவர்கள்தானே’ என்று ஏளனம் செய்கிறார்கள். எபிரேய மூலத்தில் அதே சொற்றொடர் அடுத்த வசனத்தில் ஆற்றங்கரையில் தப்பி ஓடிவரும் எப்பிராயீமருக்கு வருகிறது. எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை.

அந்தச் சொல்லுக்குக் கதிர் என்றும் வெள்ளம் என்றும் இரண்டு பொருள் படித்தேன். எது? – தமிழாசிரியர், நாகர்கோவில்

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பைபிளில் எகிப்து அரசன் பார்வோனின் கனவில் வரும் ஏழு செழுமையான கதிர்கள், ஏழு சாவியான கதிர்கள் எல்லாம் இதே சொல்லின் பன்மைதான். ரூத் என்ற பைபிள் பெண் வயலில் பொறுக்கியதும் இதைத்தான். ஆனால் பைபிள் பாடல்களில் ஒன்றான 69ம் சங்கீதத்தில், வெள்ளம் என்மேல் புரண்டு போகிறது என்று புலம்பும் இடத்திலும் இந்தச் சொல்லே வருகிறது. ஆற்றுத் துறையில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி என்பதால், ஓடும் தண்ணீரைக் காட்டி ‘இது என்ன, சொல்’ என்று கேட்டிருப்பார்கள் என்று கருதுகிறவர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது. சோதனைக்கு அர்த்தம் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

இன்றைய எபிரேயத்தில் கதிர் என்ற பொருளே நிலைத்திருக்கிறது. ஓட்ஸுக்கு அங்கே ‘நரிக் கதிர்’ என்று பெயர். அரபியில் இதன் உடன்பிறப்பு ‘சுன்புலா’. கன்னி ராசிக்கும் அரபியில் அந்தப் பெயர் உண்டு. கையில் கதிர் பிடித்த பெண் அல்லவா.

எபிரேயத்தில் ஷ, ச இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் என்கிறார்களே. அப்படியானால் கதையை எப்படி எழுதினார்கள்? – மொழியியல் மாணவர், சென்னை

நல்ல கேள்வி. ‘ஷின்’ என்ற எழுத்துத்தான் இரண்டு ஒலிக்கும். வலப்பக்கம் புள்ளி வைத்தால் ஷ, இடப்பக்கம் வைத்தால் ச. ஆனால் அந்தப் புள்ளிகள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. கதையை எழுதியவரிடம் புள்ளி கிடையாது. அதனால் அவர் தவறான உச்சரிப்பை எழுதும்போது ‘சாமெக்’ என்ற வேறோர் எழுத்தைப் போட்டுவிட்டார். அச்சில் அந்த வசனத்தைப் பார்த்தால், ஒரே சொல் இரண்டு முதலெழுத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்பது எபிரேயம் தெரியாதவர் கண்ணுக்கும் படும்.

உண்மையில் அந்த ஒலிகள் எப்படி இருந்தன என்பதில்தான் சண்டை. பக்கத்து ஊர்க்காரனுக்கு ஷ வராமல் போகுமா என்பது சந்தேகம். ஸ்பைசர் என்ற அறிஞர் 1942ல் ஒரு யோசனை சொன்னார்: கீலேயாத்தியர் சொன்னது ஷ அல்ல, ஆங்கில ‘திங்க்’ என்பதன் முதலில் வருகிற, நாக்கு பல்லில் பட்டுக் காற்று கசியும் பழைய ஒலி, எப்பிராயீமரிடம் அது வழக்கொழிந்திருந்தது என்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் அரபியிலும் அந்த ஒலிதான் இருந்திருக்க வேண்டும். அங்கே ‘சுன்புலா’ என்று ச அல்லவா இருக்கிறது? அந்த இடத்தில் வழக்கு இன்னும் நிற்கிறது.

நான் மொழிபெயர்ப்பாளர். ஷ இல்லாத மொழியில் இந்த வசனத்தை எப்படித்தான் பெயர்ப்பது? – புதுச்சேரி

கிரேக்கர்கள் திண்டாடியே போனார்கள். அவர்களுக்கு ஷ கிடையாது. ஒரு பழைய கிரேக்கப் பாடத்தில் ‘கதிர் என்று சொல்’ என்று பொருளையே பெயர்த்துவிட்டார்கள். அவனால் அப்படிச் சொல்ல முடியவில்லை, வெட்டினார்கள். ஏன் முடியவில்லை என்பது வாசகன் தலையெழுத்து. இன்னொரு பாடத்தில் ‘சங்கேதச் சொல்லைச் சொல்’ என்று மாற்றிவிட்டார்கள். அதோடு கதையே வேறாகிவிட்டது.

தமிழ் பைபிள் பிழைத்தது கிரந்த ஷகரத்தால். ‘ஷிபோலேத்’, ‘சிபோலேத்’ என்று ஜம்மென்று எழுத முடிந்தது. கிரந்தமே கூடாது என்று சொல்லும் நண்பர்களிடம் இந்த வசனத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ‘சிபோலேத் என்று சொல்’ என்றார்கள், அவன் ‘சிபோலேத்’ என்றான், வெட்டிவிட்டார்கள். பாவம், சரியாகத்தானே சொன்னான்!

இது கதையோடு சரியா, நிஜமாகவே இப்படிச் சோதித்திருக்கிறார்களா? – மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்

நிறைய. எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பும் மிளகும் சேர்ந்திருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1282ல் சிசிலித் தீவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கலகம். பலெர்மோவில் தொடங்கியது. பிரெஞ்சுக்காரனா என்று பார்க்கக் கொண்டைக்கடலையைக் காட்டினார்களாம். அவர்கள் ஊரில் அது ‘சிச்சிரி’. பிரெஞ்சு நாக்கு அந்தச் ‘ச்சி’யை மழுப்பிவிடும். 1302 மே 18 விடியற்காலை இன்றைய பெல்ஜியத்தின் ப்ரூஷ் நகரத்தில், டச்சு வகை மொழி பேசும் பிளெமியர்கள் பிரெஞ்சுக் காவல்படையை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். அங்கே ‘கேடயமும் நண்பனும்’ என்று பொருள்படும் இரண்டு சொல்லைச் சொல்லவைத்ததாக வரலாறு. அதிலுள்ள தொண்டைக்காறல் பிரெஞ்சுக்காரருக்கு வராது. லண்டனில் குடியேறியிருந்த பிளெமியர்களுக்கு 1381ல் அதுவே திருப்பிக் கிடைத்தது. குடியானவர் கிளர்ச்சியின்போது, ‘பிரெட் அண்ட் சீஸ்’ என்று சொல்லத் தெரியாமல் ‘கேஸ் அண்ட் ப்ரோட்’ என்றவர்களைக் கொன்றதாக லண்டன் நாளாகமம் ஒன்று சொல்கிறது.

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீசியர்களிடம் ‘வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி, இதைச் சொல்லத் தெரியாதவன் உண்மையான ஃப்ரீசியன் இல்லை’ என்று ஒரு பழமொழி. 16ம் நூற்றாண்டுக் கலகத் தலைவன் பியரின் பெயரில் சொல்வார்கள்.

இவற்றைக் கோத்துப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் பட்டது, பெரும்பாலும் அடுக்களைச் சொற்கள். கதிர், கடலை, ரொட்டி, வெண்ணெய். 2022க்குப் பிறகு உக்ரைனில் ரஷ்யர்களை அடையாளம் காணச் சொல்லவைக்கும் ‘பாலியானித்ஸியா’வும் ஒரு ரொட்டிதான். பெரிய சொற்களைப் பள்ளிக்கூடத்தில் திருத்திவிடலாம். அம்மா சோறு போட்டபோது கேட்ட சொல்லில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வோக்கோசுப் படுகொலை என்று ஒன்று உண்டாமே? – பத்திரிகையாளர், மதுரை

பார்ஸ்லி. கொத்தமல்லிக்குத் தூரத்துச் சொந்தமான கீரை. ஸ்பானிய மொழியில் ‘பெரெஹில்’. 1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி த்ருஹியோ, எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹெய்ட்டிய மக்களைக் கொல்ல உத்தரவிட்டான். சிப்பாய்கள் பார்ஸ்லிக் கொத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதாகவும், நடுவில் வரும் ரகரத்தை ஸ்பானிய முறையில் உருட்டத் தெரியாதவர்களைக் கொன்றதாகவும் கதை. பெரும்பாலும் வெட்டுக்கத்தியால். பலியானவர்கள் எண்ணிக்கைக்கு 12,000 முதல் 20,000க்கு மேல் வரை மதிப்பீடுகள் உண்டு. பின்னால் ஹெய்ட்டிக்கு நஷ்டஈடாக ஒத்துக்கொண்டது 7,50,000 டாலர். அதையும் 5,25,000 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

வரலாற்றாசிரியர்கள் சிலர் பார்ஸ்லிச் சோதனையை அப்படியே நம்புவதில்லை. எல்லையோரத்தில் பலரும் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ‘பெரெஹில்’ என்ன கஷ்டம்? இது முக்கியமான ஆட்சேபம். உச்சரிப்பு, கொல்ல முடிவெடுத்தவன் பிறகு காட்டும் சாக்கு. படுகொலை நடந்த எல்லையிலும் ஓர் ஆறு ஓடுகிறது. அதற்கு ‘மஸாக்ரே’, அதாவது படுகொலை ஆறு, என்ற பெயர் இந்தச் சம்பவத்துக்கும் முந்தையது.

அண்ணை, 83 இல் அம்மா கொழும்பில் இருந்தவ. பஸ்ஸை மறித்து ஏறி ‘பால்திய’ சொல்லச் சொன்ன கதையள் அவ சொல்லிக் கேட்டிருக்கிறன். அதுவும் இதுதானே? – டொராண்டோ

அதுவும் இதுதான், தங்கச்சி. உலகப் பட்டியல்களில் யோர்தானுக்கும் பார்ஸ்லிக்கும் பக்கத்தில் 1983 ஜூலையையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘பால்திய’ என்றால் சிங்களத்தில் வாளி. போர்த்துக்கீசியரின் ‘பால்தே’யிலிருந்து வந்தது. முதலெழுத்தை ‘பஸ்’ஸில் வருகிற மாதிரி அதிர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் அந்த ஒலியில் தொடங்குவதில்லை. அதற்குத் தனி எழுத்தும் நம்மிடம் இல்லை. இதோ, நானே இங்கே ‘பால்திய’ என்று எழுதினால் அதைப் பால் குடிக்கிற ‘பா’வாகவும் படிக்கலாம். அந்த இடைவெளியில்தான் கத்தியை நுழைத்தார்கள். சிங்களத் தெருவிலேயே வளர்ந்த தமிழர் பலருக்கு அது நாக்கில் தடுத்திருக்காது. வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவருக்கும், பயத்தில் நாக்குக் குழறியவருக்கும் தடுத்திருக்கும். அம்மா சொல்கிற கதைகளை எழுதி வையுங்கள்.

போர்க்களத்தில் கேட்கும் பாஸ்வேர்டும் ஷிபலெத்தும் ஒன்றா? – முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

இல்லை சார். பாஸ்வேர்ட் ரகசியம், தெரிந்துவிட்டால் எதிரியும் சொல்லிவிடுவான். ஷிபலெத்தில் ரகசியமே இல்லை. காதில் சொல்லிக்கொடுத்தாலும் வாயில் வராது. இரண்டையும் கலந்ததும் உண்டு: 1944ல் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்க வான்குடைப் படையினர் ‘ஃப்ளாஷ்’ என்று கேட்டால் ‘தண்டர்’ என்று பதில் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரன் சொல்லைத் தெரிந்துகொண்டாலும், அந்தத் ‘த’வில் மாட்டிக்கொள்வான்.

பல்கலைக்கழக நூலகத் தளத்தில் நுழையும்போது ‘ஷிபலெத் வழியாக’ என்று வருகிறது. அதற்கும் இதற்கும்? – ஆய்வு மாணவர், பெங்களூரு

பெயர் மட்டும்தான். ஒரே கணக்கை வைத்துப் பல தளங்களில் நுழைய உதவும் மென்பொருள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ‘இன்டர்நெட்2’ கூட்டமைப்பு 2000ல் தொடங்கியது. முதல் பதிப்பு 2003ல். இன்னார் நம்மவர்தானா என்று வாசலில் பார்ப்பதால் அந்தப் பெயர். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் அது பாஸ்வேர்ட்தான், ஷிபலெத் இல்லை.

ஆங்கில இலக்கண விதிகள் சிலவற்றையும் ஷிபலெத் என்கிறார்களே? – ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்

ஆமாம், அங்கே முதல் பொருளும் மூன்றாவது பொருளும் கைகோத்துக்கொள்கின்றன. வாக்கியத்தை ‘ஆஃப்’, ‘வித்’ போன்றவற்றில் முடிக்கக் கூடாது. ‘டு’வையும் வினையையும் பிரிக்கக் கூடாது. இரண்டுமே நல்ல எழுத்தாளர்கள் நூற்றாண்டுகளாக மீறிவரும் விதிகள். மொழிக்கு அவற்றால் லாபமில்லை. யார் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கண்டுபிடிக்க மட்டும் உதவும்.

ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் 1954ல் இங்கிலாந்து மேல்தட்டுப் பேச்சை இப்படித்தான் பிரித்துக் காட்டினார். கை துடைக்கும் துணியை ‘நாப்கின்’ என்றால் மேல்தட்டு, ‘சர்வியெட்’ என்றால் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நாசூக்காகத் தெரிய வேண்டும் என்று பிரெஞ்சுச் சொல்லைத் தேடிப் பிடித்தவர்தான் மாட்டிக்கொண்டார். வட அயர்லாந்தில் எட்டாவது எழுத்து ஒன்றே போதும்: ‘ஏச்’ என்றால் புராட்டஸ்டன்ட், ‘ஹேச்’ என்றால் கத்தோலிக்கர் என்று எடைபோட்டுவிடுவார்கள்.

தமிழில் உண்டா? – பலர்

ழகரம். ‘பளம்’ என்றால் ஓர் ஊர், ‘பயம்’ என்றால் இன்னோர் ஊர் என்று கண்டுபிடித்துவிடுகிறோம். கூடவே படிப்பையும் சாதியையும் ஊகிக்கப் பார்க்கிறோம். மேடையில் ழ வழுக்கிய பேச்சாளரின் மற்ற நல்ல கருத்துகள் யார் காதிலும் ஏறுவதில்லை. அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே செய்துகொண்டிருப்பதுதான்.

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் தரையில் ஒரு நீண்ட விரிசல் தழும்பு பார்த்தேன். அதற்கும் இந்தப் பெயர் என்றார்கள். – மென்பொருள் பணியாளர், ரெடிங்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 2007ல் அந்தப் பெரிய டர்பைன் கூடத்தின் சிமென்ட் தரையை 167 மீட்டர் நீளத்துக்குப் பிளந்துவிட்டார். தொடக்கத்தில் மயிரிழை, போகப் போகக் கால் மாட்டும் அளவுக்கு விரியும். உண்மையிலேயே சிலர் தடுக்கி விழுந்தார்கள். வெள்ளை ஐரோப்பாவுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் நடுவே உள்ள பிளவு என்பது அவர் விளக்கம். 2008ல் காட்சி முடிந்ததும் பூசி மூடினார்கள். நீங்கள் பார்த்தது அந்தப் பூச்சு.

கடைசியாக: பத்திரிகை மொழிபெயர்ப்பில் இதைத் தமிழில் எப்படி எழுதுவது? – உதவி ஆசிரியர், சென்னை

ஒரே சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. அரசியல் தலையங்கமாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மூன்றாவது பொருள்தான்: ‘பழைய பல்லவி’, ‘தேய்ந்த கோஷம்’ போதும். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அளக்கும் இடமென்றால் ‘விசுவாசச் சோதனை’ என்று போடலாம். உச்சரிப்பே விஷயமாக இருந்தால் ‘ஷிபோலேத்’ என்று பைபிள் வடிவத்திலேயே விட்டு, ஓரிரு வரியில் கதையைச் சொல்லிவிடுங்கள். ‘குழூஉக்குறி’ என்று மட்டும் போடாதீர்கள். அது மற்றவருக்குப் புரியாமல் மறைக்கும் சொல். இது யாருக்கும் மறைக்காத சொல்.